மெய்யுணர்வும் பழைய பயிற்சியும்

திருக்குறளில் 36ஆம் அதிகாரம் மெய்யுணர்தல். 37ஆம் அதிகாரம் அவாவறுத்தல். மெய்யை உணர்ந்தவர்க்கு அறுக்க வேண்டிய அவா இன்னும் ஏது என்னும் ஐயம் எழுவது இயல்பு. இவ்வைப்புமுறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் நுட்பமானது. மெய்யுணர்ந்தவரிடத்தும் உடம்பு நிற்கிறது. ஆதலின், துறந்த புலன்கள்மேல் பழைய பயிற்சியால் நினைவு மீண்டும் செல்லக்கூடும். அந்நினைவை இடைவிடாத மெய்யுணர்வால் அறுத்தலே அவாவறுத்தல் என்பது அவர் கருத்து.

'இடைவிடாத' என்பதே இவ்விளக்கத்தின் உயிர். அறிவு ஒரு நாளில் தோன்றலாம். பழக்கம் ஒரு நாளில் போவதில்லை.

உரையாசிரியர் இதனைத் துறவியர்க்கே உரைத்தார். இயல் அமைப்பை நோக்க அது முறையே. எனினும், இல்லறத்தார்க்கும் இது வேண்டுவதன்றோ? சினம் தீதென்று அறியாத தந்தை யார்? ஆயினும், பகலில் அலுவலகத்தில் விழுங்கிய கடுஞ்சொல் மாலையில் பிள்ளைகள்மேல் பாய்கிறது. அறிந்த ஒன்று அந்த நொடியில் உதவாமற் போகிறது. அப்போது நாம் நம்மைக் காண்பதில்லை. சினம் எழும்போதே, 'இது என் பழைய பழக்கம்' என்று கண்டுகொண்டால், அதற்குப் பணிவதும் பணியாமையும் நம் கையில் வரும்.

ஆகவே, மெய்யுணர்தலை என்றோ கற்று முடித்த பாடமாகக் கருதாமல், நாள்தோறும் இருக்கும் காவலாகக் கொள்வோம். அக்காவல் உள்ள மனத்திற்கு இல்லத்திலேயே விடுதலை உண்டு.