தள்ளாட்டத்தில் எத்தனை வகை?

நிலையில்லாமல் நடப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டியலே உண்டு. ஸ்டேகர், டாட்டர், ரீல், லர்ச், ஷஃபிள், லிம்ப் என்று போகும். முதல் நான்கையும் ஆங்கில-தமிழ் அகராதியில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் "தள்ளாடு, தடுமாறு" என்ற அதே ஜோடிதான் திரும்பத் திரும்ப வரும். இதைப் பார்த்துவிட்டு, தமிழில் இதற்கெல்லாம் சொல் பஞ்சம் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் சொற்கள் இருக்கின்றன. அகராதி அவற்றை வேறு இடத்தில் தேடுகிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் அந்த நான்குக்கும் உள்ள வித்தியாசம். ஸ்டேகர் என்றால் அடி வாங்கியவரோ, குடித்தவரோ, பெரிய பாரம் தூக்கியவரோ கால் ஊன்ற முடியாமல் போவது. டாட்டர் என்றால் இப்பவோ அப்பவோ விழுந்துவிடுவார் போல இருப்பது. லர்ச் என்றால் திடீரென்று உடம்பு மொத்தமும் ஒரு பக்கம் சாய்வது; கப்பல்காரர்கள் பேச்சிலிருந்து வந்த சொல். ரீல் என்பது நூல் சுற்றும் ராட்டையின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆட்டையாம்பட்டி மாதிரி தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் அந்தச் சுற்றலைக் காலுக்குக் கொடுக்காமல் தலைக்குக் கொடுத்துவிட்டோம்: "தலை சுத்துது."

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். லியோனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985ல் எழுதிய ஒரு கட்டுரை, மொழிகள் அசைவை எப்படிச் சொல்கின்றன என்று வகை பிரித்தது. ஆங்கிலம் எப்படி நடந்தார் என்பதை வினைச்சொல்லுக்குள் அடைக்கும். உள்ளேயா, வெளியேயா, மேலேயா என்பதைப் பின்னால் ஒரு சின்னச் சொல்லில் சொல்லும். தமிழ் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். வந்தார், போனார், ஏறினார், இறங்கினார் என்று திசைதான் முக்கிய வினை. எப்படி என்பது அதற்கு முன்னால் வரும். பல நேரம் இரட்டித்து வரும். ஆக, வினைக்கு வினை தேடினால் தமிழின் செல்வம் இருக்கும் அலமாரியையே திறக்காமல் போய்விடுவோம்.

அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கிறது? குழந்தை தத்தித் தத்தி நடக்கும். முட்டி வலிக்காரர் தாங்கித் தாங்கி நடப்பார். பக்கவாதம் வந்தவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். சிலர் காலை அகட்டி அகட்டி வைப்பார்கள். சிலர் குனிந்தபடி, குட்டிக் குட்டி அடியாக, நிறுத்த முடியாமல் குடுகுடுன்னு முன்னால் ஓடுவார்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. நரம்பியல் மருத்துவர்கள் நடையை வகை பிரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். வலிக்கும் காலில் பாரம் விழாமல் சீக்கிரம் எடுத்துவிடுவது ஒரு வகை. சிறுமூளை பாதித்தால் கால்களை அகட்டி வைப்பது இன்னொரு வகை. குடுகுடு நடை பார்க்கின்சன் நோயில் வருவது. 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் அந்த நோயைப் பற்றி எழுதிய சிறு நூலில் இருப்பது ஆறே பேர். அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கவனித்தார். நடையை உற்றுப் பார்த்துச் சொல்வதே அங்கு பாதி மருத்துவம்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பாவை அழைத்துப் போகிறோம். "நடக்க முடியலைங்க, தள்ளாடறாரு" என்கிறோம். கூடவே "மயக்கமா இருக்குங்கறாரு" என்று சேர்க்கிறோம். தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம். இந்த இரண்டு சொல்லில் மருத்துவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. "கொஞ்ச நாளா காலை அகட்டி அகட்டி வெக்கறாரு" என்றால் அவர் அடுத்த கேள்வியைச் சரியான இடத்தில் கேட்பார். நம்மிடம் சொல் இருந்தும், படித்த தமிழ் என்று நினைத்துத் 'தள்ளாட்டம்' என்று பொதுமையாக்கிவிடுகிறோம். நோயாளிகளுக்கான மொழிபெயர்ப்புகள் அகராதியை நம்பி எழுதப்பட்டால் இதே தவறு அச்சிலும் ஏறும்.

அகராதி செய்த இன்னொரு காரியம்: லிம்ப் என்றால் 'நொண்டு' என்று போட்டுவிட்டு நகர்வது. பொருள் சரிதான். ஆனால் பெரியவர் ஒருவரைப் பற்றி யார் அப்படிச் சொல்வார்கள்? அந்தச் சொல் வசவாகிவிட்டது. "தாங்கித் தாங்கி நடக்கறாருங்க" என்பதில் வலியும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. தாங்கு என்பதைச் சுமப்பது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே போய்விடும்.

வின்ஸ்லோ (1862), சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் (1924-1936) எல்லாம் மாபெரும் உழைப்பு. குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதை. தமிழ்ச் சொல் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். எதிர்ப்பாதையில் வருபவருக்கு வினையடி மட்டும் போதாது, வாக்கியம் வேண்டும். 1992ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இதைச் செய்து காட்டியது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கும், பெருமாள்முருகன் நம்ம கொங்குக்கும் வட்டார அகராதி தொகுத்து, பேச்சில் இருப்பதும் அகராதிக்குரியதுதான் என்று நிறுவினார்கள். இந்த இரண்டு வழியும் ஆங்கில-தமிழ் அகராதிக்குள் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

ஷஃபிள் என்ற பதிவில் 'காலைத் தேய்த்துத் தேய்த்து நட' என்று ஒரு வரி, லிம்ப் என்ற பதிவில் 'தாங்கித் தாங்கி நட' என்று ஒரு வரி. கேட்பது அவ்வளவுதான். இணைய அகராதிகளில் திருத்தம் செய்ய வழி இருக்கும் இடங்களில் நாமே சேர்க்கலாம். உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் இருந்தால், வினையடியைச் சுருக்கி எழுதாமல், பேசும் வாக்கியத்தோடு அப்படியே எழுதி வையுங்கள்.