அநாதை லிஸ்ட் எடுத்த கதை

2005 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம். அப்போது நான் கல்லூரி இரண்டாம் வருஷம். திருச்சியிலிருந்து ஒரு வேனில் பன்னிரண்டு பேர் நாகப்பட்டினம் பக்கம் கிளம்பினோம். வேன் முழுக்கப் பழைய துணி மூட்டை. போன இடத்தில் அதை யாரும் தொடவில்லை. அந்த நாட்களில் நாகை போனவர்களுக்கு நினைவிருக்கும், ரோட்டோரம் முழுக்க இப்படிக் கொட்டிவிட்டுப் போன பழந்துணிக் குவியல்தான். நேற்றுவரை சொந்தப் படகு வைத்திருந்த மனுஷனுக்கு நம்முடைய நைந்துபோன சட்டையைக் கொடுத்தால் அவன் என்ன நினைப்பான் என்று வேனில் ஏறும்போது எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூட்டையை இறக்கியாச்சு, செய்ய வேலை இல்லை. எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு நீள நோட்டை என் கையில் கொடுத்தார். "அநாதைப் பிள்ளைங்க லிஸ்ட் எடுங்கப்பா. ஊருக்குப் போய் ஸ்பான்சர் பிடிச்சிடலாம்." பேர், வயசு, படிப்பு, அம்மா, அப்பா என்று ஐந்து கட்டம் போட்டுக்கொண்டேன். முகாமில் திரிந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு, "அம்மா இருக்காங்களா? அப்பா இருக்காங்களா?" என்று கேட்டேன். ஆமாம், அந்தக் கேள்வியை அப்படியேதான் கேட்டேன், செத்துப் பதினைந்து நாள்கூட ஆகாத நேரத்தில்.

எட்டு ஒன்பது வயசுப் பெண் குழந்தை ஒன்று. அம்மா இல்லை. அப்பா அன்றைக்குக் கடலில் இருந்ததால் தப்பித்தவர், பந்தல் ஓரத்தில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "அம்மா இல்லேல்ல, அநாதைன்னே போடு" என்றார் எங்கள் ஆள். பக்கத்தில் இருந்த பாட்டி நோட்டை எட்டிப் பார்த்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கும் போல. "ஏன் தம்பி, அவ அப்பன் இருக்கான், நான் இருக்கேன், அவ எப்படி அநாதை ஆவா? பேரை வெட்டு மொதல்ல." வெட்டினேன். ஆனால் சாயங்காலம் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எங்கள் ஆள் அதைப் பார்த்துவிட்டு, வெட்டிய வரிக்குக் கீழே மறுபடி எழுதிக்கொண்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் வயநாடு. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்கு அப்புறம் சில நாட்களிலேயே, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்க ஆசைப்படுகிறோம் என்று ஊர் ஊராகக் கோரிக்கைகள் கிளம்பின. சட்டப்படிதான் தத்து எடுக்க முடியும் என்று கேரள அரசே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள்தான். நாங்களும் அன்றைக்கு நல்ல மனசோடுதான் போனோம். நல்ல மனசு போதாது என்பது இல்லை என் புகார். பேரிடர் நடந்த இடத்தில் நல்ல மனசு முதலில் தேடுவதே அநாதையைத்தான், தேடுகிற அளவுக்கு அநாதை கிடைக்காவிட்டால் உண்டாக்கிவிடுகிறது. இதுதான் என் புகார்.

எண்ணிக்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம். உலகத்தில் ஏறக்குறைய 14 கோடி அநாதைக் குழந்தைகள் என்று யுனிசெஃப் 2015க்குச் சொன்ன கணக்கு எல்லா நன்கொடை நோட்டீஸிலும் வரும். அதே கணக்கின் அடுத்த வரி வராது: அதில் தாய், தகப்பன் இரண்டு பேரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடிதான். மிச்சப் பேருக்கு ஒருத்தராவது உயிரோடு இருக்கிறார். அம்மாவோ அப்பாவோ ஒருவரை இழந்தாலும் யுனிசெஃப் அநாதைக் கணக்கில்தான் சேர்க்கும். உதவித் திட்டம் போட அந்தக் கணக்கு தேவை, அதில் தப்பில்லை. ஆனால் அதே சொல் தமிழில் 'அநாதை' என்று இறங்கும்போது நமக்கு என்ன கேட்கிறது? நாதியத்தது, கேட்க ஆளில்லாதது. சித்தி, அத்தை, தாய்மாமன், பெரியப்பா என்று ஒவ்வொரு உறவுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிற பாஷை நம்முடையது. அத்தனை பேரையும் ஒரே சொல்லில் அழித்துவிடுகிறோம்.

சுனாமியில் இது இன்னும் மோசம். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. பல மீனவக் கிராமங்களில் ஆண்கள் ஆழ்கடலில். ஆழத்தில் சுனாமி அலை படகை லேசாகத் தூக்கி இறக்கும், அவ்வளவுதான். பெண்கள் மீனுக்காகக் கரையில் நின்றார்கள், இல்லாவிட்டால் குழந்தைகளோடு வீட்டில் இருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் எழுதியது. அதாவது அம்மாவை இழந்து அப்பா மிஞ்சிய பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குத் தேவைப்பட்டது சோறு பொங்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் அந்த வீட்டுக்கு ஒரு கை. நாங்கள் கொண்டுபோனது விடுதிக்கு ஆள் சேர்க்கிற நோட்டு.

இதே அலை முதலில் விழுந்த ஆச்சேயைப் பாருங்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் அங்கிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இந்தோனேசிய அரசு உடனே தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் ஊருக்குள்ளேயே நிவாரணப் பணத்தில் புதிது புதிதாகக் குழந்தைகள் இல்லங்கள் எழுந்தன. சேவ் தி சில்ட்ரன் அமைப்பும் அந்நாட்டு சமூகநலத் துறையும் சேர்ந்து போய்ப் பார்த்தபோது, அங்கிருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடும்பம் இருந்தது. வீட்டில் இருந்தால் பள்ளிச் செலவுக்கு வழியில்லை, இல்லத்துக்குப் போனால் படிப்பு கிடைக்கும். அதனால் குடும்பமே கொண்டுவந்து விட்டிருந்தது. பணம் எந்த வாசலில் கொட்டுகிறதோ அந்த வாசலில்தானே ஏழை பிள்ளையைக் கொண்டுபோய் விடுவான்? அதே பணத்தைப் பாட்டி கையில் மாசாமாசம் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். ஆனால் பாட்டி வீட்டு வாசலில் போர்டு மாட்ட முடியாது பாருங்க.

ஹைட்டி இன்னும் பச்சையான உதாரணம். 2010 ஜனவரி 12 நிலநடுக்கம். அந்த மாசம் முடிவதற்குள் அமெரிக்கத் தன்னார்வலர்கள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் எல்லையில் பிடிபட்டார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால், அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம் இருக்கும் என்று சொன்னதை நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். அவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் நோட்டுக்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்றுதான் யோசிக்கிறேன். அதிக தூரம் இல்லை.

நேபாளம் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது, பெற்றோரோ அனுமதி பெற்ற காப்பாளரோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டுக் கொண்டுபோவதையும் தடுத்தது. அனுபவப்பட்ட நாடு.

"அப்போ நிஜமாவே யாருமில்லாத குழந்தை?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாகப்பட்டினத்திலேயே பதில் இருக்கிறது. அங்கே அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகத்தில் சுனாமிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அப்போது நாகை ஆட்சியராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணன் பணி மாறிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளோடு தொடர்பை விடவில்லை. அங்கே வளர்ந்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போய் நின்றது செய்தியாகவே வந்தது. அரசைத் திட்டுவது எனக்கும் பிடிக்கும், ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. இல்லம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த இல்லம் அதே ஊரில் இருந்தது, அலையில் தப்பிய உறவுக்காரர் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில். அங்கே ஒருத்தராவது பத்து, பதினைந்து வருஷம் கூட நின்றார்.

நாங்கள் நின்றது மூன்று நாள். இரண்டாம் நாளே ஒரு பையன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. வேன் கிளம்பும்போது ஓடி வந்தான், டாட்டா காட்டினோம். ஏற்கெனவே ஒரு தடவை எல்லாரும் காணாமல்போய்விட்ட பையனுக்கு நாங்கள் செய்தது அது என்று பிற்பாடு படித்துத்தான் புரிந்தது. வாராவாரம் புது வேன் வந்திருக்கும், புது அண்ணன்கள், புது டாட்டா.

அந்த மூன்று நாளில் ஏதாவது உருப்படியாகச் செய்திருக்க முடியுமா? முடியும். ரேஷன் கார்டும் சர்டிபிகேட்டும் தண்ணீரோடு போய்விட்டன. பாட்டிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். பந்தல் ஓரத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றிருக்கலாம். போட்டோவில் நன்றாக வராத வேலைகள். வந்து இறங்கும் குழுக்களை ஒழுங்குபடுத்த ஒரு ஒருங்கிணைப்பு மையமும் நாகையில் வேலை செய்துகொண்டிருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வாட்ஸாப்பில் "இரண்டு குழந்தைகள், பெற்றோர் இல்லை, தத்தெடுக்க விரும்புவோர் தொடர்புகொள்ளவும்" என்று வந்தால் நான் 1098க்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். அனுப்பியவர் பெரும்பாலும் கோபித்துக்கொள்கிறார்.

நோட்டில் நாற்பத்து சொச்சம் பேர் இருந்தது. அது யார் கைக்குப் போனது, அந்தப் பெண்ணின் பேருக்கு எவனாவது ஸ்பான்சர் பிடித்தானா என்று எனக்குத் தெரியாது. கூட்டிப்போனவரை அதற்கப்புறம் ஒருமுறை பார்த்தபோது கேட்டேன். "எந்த நோட்டு?" என்றார்.