எண்ணெய்க்குத் தடை, கூட்டத்துக்கு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், மூலிகைத் தண்ணீரில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். உடம்பெங்கும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொல்லி, அப்படியே அருவிக்கடியில் போய் நிற்பதுதான் அந்தக் குளியலின் பழைய முறை. 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது.

நல்ல உத்தரவுதான். எண்ணெய்ப் பிசுக்கால் பாறை வழுக்காது, நுரை சிற்றாற்றில் கலக்காது. காவலுக்கு நிற்பவர் பையைத் திறந்து பார்த்தாலே போதும். ஆனால் அந்த உத்தரவு கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கிறதே தவிர, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரருவியில் தலையை நீட்டி மூச்சு வாங்குவதற்குள் பின்னால் இருப்பவர் தோளில் கை வைத்துவிடுவார். இதில் ஆரோக்கியம் எங்கே வந்தது?

இன்னொரு கட்டுப்பாடு, பேரருவியின் பாதுகாப்பு வளைவு. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. 2024 மே 17 அன்று, சீசனே தொடங்காத நேரத்தில், பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அதற்குப் பிறகு இந்தத் தடையைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் ஓர் அருவியை மூடினால் வந்த கூட்டம் வீட்டுக்கா திரும்பும்? ஐந்தருவிக்கும் புலியருவிக்கும் போய் அங்கே நெருக்கும்.

ஊட்டியைப் போல இ-பாஸ் வைத்தால் என்ன? நீலகிரிக்கு 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. ஊட்டிக் குளிர் எந்தத் தேதிக்குப் பதிவு செய்தாலும் இருக்கும். குற்றாலத் தண்ணீர் அப்படியில்லை. சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்தவர் வந்து நிற்கும்போது அருவி நூலாகவும் விழலாம், வெள்ளமென்று மூடியும் கிடக்கலாம். இங்கே அன்றைக்கன்று தரும் சீட்டுதான் சரிப்படும். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் தென்காசியிலேயே கார்களை நிறுத்தி, எந்த அருவியில் குளிக்கலாம் என்று சொல்லி, அதற்கேற்ற எண்ணிக்கையில் பேருந்தில் அனுப்பலாம்.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். மூன்று மாத வியாபாரத்தில் வருடம் ஓட்டுகிறவர்களின் பயம் நியாயமானது. அதனால் முதலில் ஆடி மாதச் சனி, ஞாயிறுகளில் மட்டும் நடத்திப் பார்க்கலாம். வார நாட்களை இப்போதைக்குத் தொட வேண்டாம்.