கள்ளி பூக்கும் நாளில் அதன் அருகே போங்கள்

கரட்டுப் பக்கம் முள்ளும் சதையுமாக நிற்கிற எல்லாச் செடிக்கும் நாம் கள்ளி என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். வேலியோரச் சதுரக்கள்ளியையும், வீட்டு வாசல் தொட்டியில் தூண்போல வளரும் செரியஸ் காக்டஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். அதே பச்சைத் தண்டு, அதே விளிம்பு, அதே முள். ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. செரியஸ் அமெரிக்கக் கண்டத்துச் செடி. சதுரக்கள்ளி நம் மண்ணுக்கு உரியது. ஆமணக்கும் குப்பைமேனியும்தான் அதன் சொந்தங்கள். தண்ணீர்ப் பஞ்சம் இரண்டையும் ஒரே உடம்புக்குக் கொண்டுவந்துவிட்டது. பூவை மட்டும் அதனால் மாற்ற முடியவில்லை.

காக்டஸ் பூவைப் பழக சப்பாத்திக்கள்ளிதான் வசதி. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸ்தான். பகலில் விரியும், எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருக்கும். புறவிதழ் எங்கே முடிகிறது, இதழ் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். கோடு கிழிக்க முடியாது. வெளியே பச்சைச் செதிலாக இருப்பது உள்ளே போகப் போக மஞ்சள் இதழாகிவிடும். நடுவே எண்ணி மாளாத மகரந்தத்தாள்கள். ஒரு புல்லின் நுனியால் அவற்றை லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கூட்டமாக நடுத்தண்டை நோக்கிச் சாயும். நான் எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. பிறகு பூவுக்குக் கீழே பாருங்கள்: பழமாகப் போகும் பகுதி இதழ்களுக்கு அடியில் பச்சையாகப் பருத்திருக்கும்.

இனி சதுரக்கள்ளி. இங்கே அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. கையில் ஒரு லென்ஸ் வேண்டும். விளிம்பின் பள்ளங்களில் பட்டாணி அளவில், பெரும்பாலும் மும்மூன்றாக, மஞ்சள் கலந்த பச்சையில் பூ இருக்கும். ஒரு சின்னக் கிண்ணம், அதன் வாயில் தேன் பளபளக்கும் தடித்த மடல்கள். அவை இதழ்களல்ல, தேன் சுரப்பிகள். இதழே கிடையாது. ஒரு பூ என்று நாம் நினைப்பதும் ஒரு பூவல்ல. கிண்ணத்துக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பெண் பூ, சுற்றிலும் பல ஆண் பூக்கள். ஓர் ஆண் பூ என்பது ஒற்றை மகரந்தத்தாள்தான். தாவரவியலாளர் லின்னேயஸே இதை ஒற்றைப் பூவாகக் கொண்டு மகரந்தத்தாள்களை எண்ணி வகைப்படுத்தினார். ஒவ்வொரு தாளும் தனிப் பூ என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? மகரந்தத்தாளின் காம்பில் ஒரு சிறு கணு தெரியும். கணுவுக்குக் கீழே இருப்பது பூக்காம்பு, மேலே இருப்பது தாள். பெண் பூ காயாகும்போது ஆமணக்கு போலவே மூன்று பிரிவாகப் பருக்கும்.

பூவைக் கிள்ளி எடுத்துப் பார்க்காதீர்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

தொட்டிகளில் சிவப்பாகப் பூக்கும் கிறிஸ்து முள் செடியிலும் இதே கிண்ணம்தான். சிவப்பு இதழ்களாகத் தெரிபவை கிண்ணத்தைத் தாங்கும் இரண்டு பூவடிச் செதில்கள்.

நான்கு பட்டைத் தண்டில் ஏமாற்றுகிற இன்னொரு ஜோடி பிரண்டையும் கள்ளிமுளையானும். பற்றுக்கம்பி இருந்தால் பிரண்டை. திராட்சைக் குடும்பம், நான்கிதழ்ப் பொடிப்பூ. கள்ளிமுளையானுக்குப் பெயரில்தான் கள்ளி, உடைத்தால் பால் வராது. அதன் பூ ஐந்து முனை நட்சத்திரம். கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்து ஈக்களை அழைக்கும். காய் இரட்டைக் கொம்பாக நீண்டு வெடிக்கும்போது பட்டு நூல் கட்டிய விதைகள் பறக்கும். எருக்கின் உறவு என்று அப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் குட்டிக் காக்டஸ் வாங்கும்போது, உச்சியில் காகிதம்போலச் சலசலக்கும் பூ இருந்தால் அடியைப் பாருங்கள். காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டி விற்பதுண்டு. செடிக்கு அது பெரிய துன்பம்.

செரியஸின் பூவைப் பகலில் தேடினால் வாடிய குழல்தான் தொங்கும். மொட்டு நீண்டு பருத்து, நுனி வெளுக்கத் தொடங்கிய நாளின் இரவில் டார்ச்சோடு போங்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக விரிந்திருக்கும். சப்பாத்திக்கள்ளியில் பார்த்த அதே எண்ணற்ற தாள்கள் அதிலும் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.