டிரைவர்மேல் போடும் பழி

போன் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்று யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் வைத்தியம், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடு என்பது. அடுத்தது, யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய். இந்த இரண்டாவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது ஆப் எழுதுகிறவர்களுக்கு வைத்த கதவு. நாலு போட்டோவை மாற்ற அதைத் திறக்கத் தேவையே இல்லை.

டிரைவரை அப்படி ஒதுக்கிவிட முடியாது. மீடியா வசதிகள் இல்லாமல் வரும் விண்டோஸின் 'என்' (N) பதிப்பில் மீடியா ஃபீச்சர் பேக் போடாமல் ஆண்ட்ராய்டு போன் திறக்காது. ஆனால் நேற்றுவரை இதே போனைத் திறந்த கம்ப்யூட்டரில் டிரைவரைச் சந்தேகிப்பது வீண்.

கல்யாண போட்டோக்களை இறக்க ஒருமுறை ஒரு மணி நேரம் டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கோபத்தில் கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டே கம்பி! சாதாரண யூஎஸ்பி 2 கேபிளில் நான்கு இருக்கும்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. பின்னிரண்டும் இல்லாமலே சார்ஜ் ஏறும். சார்ஜ் ஏறுவதால் கேபிள் நல்லது என்று நம்பிவிடுகிறோம், அங்கேதான் ஏமாறுகிறோம்.

கேபிள் சரி என்றால் அடுத்த சந்தேகம் போன்மீது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செருகியதும் சார்ஜ் மட்டும்தான். நோட்டிஃபிகேஷனை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று நாமே மாற்ற வேண்டும். ரயில் நிலையத்தில் கண்ட இடத்தில் சார்ஜ் போடுகிற காலத்தில் இந்தப் பூட்டு நியாயமே. பூட்டியிருப்பதைச் சொல்லாததுதான் குற்றம். கம்ப்யூட்டர் பல சமயம் ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து காட்டுகிறது. படமெல்லாம் போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

போன் பென் டிரைவ் மாதிரி திறந்த காலமே நன்றாக இருந்தது என்பாரும் உண்டு. அன்று மெமரி கார்டு கம்ப்யூட்டர் கைக்குப் போனால் போனுக்கு அது கிடைக்காது. 2011இல் ஆண்ட்ராய்டு 3 எம்டிபி (மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) முறைக்கு மாறியதும் அந்த இழுபறி தீர்ந்தது. பதிலுக்கு வந்தது நத்தை வேகம். மேக்கின் ஃபைண்டருக்கோ எம்டிபி இன்றும் புரியாது, தனி ஆப் வேண்டும்.

ஆக, வைத்தியம் சொல்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். முதலில் வேறு கேபிள், பிறகு போன் லாக்கைத் திறந்து நோட்டிஃபிகேஷன், அதன்பின் வேறு போர்ட். இத்தனையும் பார்த்து முடிந்தபிறகுதான் டிரைவர் பக்கம் போகலாம்.