நெய்தலும் வெறுந்தாளும்: யோங் முன் சென்னின் நீர்வண்ண ஓவியங்கள்

முன்னுரை

பினாங்குக் கடற்கரையை ஓவியத்தில் நிலைபெறச் செய்தவர்களுள் யோங் முன் சென் (1896–1962) முதன்மையானவர். மலேசிய ஓவியக்கலையின் தந்தை என அவரைப் போற்றுவாரும் உளர். தென்னையும் படகும் மீனவர் குடிலும் இடம்பெறும் அவருடைய நீர்வண்ண ஓவியங்கள் பெரும்பாலும் ‘வெப்பமண்டல அழகு’ என்ற அளவிலேயே பாராட்டப்பெறுகின்றன. அப்பாராட்டு அவற்றின் நுட்பத்தையும் விளக்குவதில்லை, குறையையும் சுட்டுவதில்லை. தமிழ்த் திணைக் கோட்பாட்டின் துணையோடு அவ்விரண்டையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று ஊற்றுகள்

சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்த யோங், இளமையில் சீனாவில் தூரிகை எழுத்துப் பயிற்சி பெற்றார். பின்னர்ப் பினாங்கில் குடியேறி, ஓவியத்தோடு நிழற்படத் தொழிலையும் மேற்கொண்டார். 1936இல் தோன்றிய பினாங்குச் சீனக் கலைக் கழகத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். அக்காலப் பினாங்கில் ஆங்கிலேயரின் நீர்வண்ண மரபும் வேரூன்றியிருந்தது. சீனத் தூரிகை, ஒளிப்படக் கருவி, ஆங்கிலேய நீர்வண்ணம் ஆகிய இம்மூன்றும் அவருடைய கலைக்கு ஊற்றுகளாயின எனலாம்.

உத்தி

ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தில் வெள்ளை வண்ணம் பூசப்படுவதில்லை. தாளின் வெண்மையே ஒளியாகிறது. இளநிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடித்தல் வேண்டும். பிழைபட்டால் முழுமையாகத் திருத்த இயலாது. பினாங்கின் ஈரக்காற்றில் தாள் மெல்ல உலர்வதால் நிறங்கள் ஒன்றோடொன்று கரைய நேரம் கிடைக்கும். சற்றே மிகுந்தால் எல்லாம் கலங்கிவிடும். இவ்விடரை யோங் தம் பலமாக மாற்றிக்கொண்டார். வானையும் நீரையும் ஈரத்தாளில் விரிந்த பூச்சாக அமைத்து, அவை உலர்ந்தபின் தென்னங்கீற்றையும் படகின் விளிம்பையும் விரைந்த தூரிகை வீச்சால் எழுதினார். அவ்வீச்சில் எழுத்துப் பயிற்சி புலனாகிறது. முன்னே இருண்ட மரங்கள், பின்னே ஒளிரும் தொலைவு என்னும் அமைப்பில் நிழற்படக் கலைஞரின் கண் புலனாகிறது.

திணை நோக்கில் மதிப்பீடு

தொல்காப்பிய மரபு முதல், கரு, உரி என மூன்று பொருள்களைக் கூறும். யோங்கின் கடற்காட்சிகளில் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் சிறந்து நிற்கிறது. மரம், படகு, வலை முதலிய கருப்பொருள்களும் குறைவற உள்ளன. உரிப்பொருள் எங்கே என்பதே வினா. மனிதர் பெரும்பாலும் முகமற்ற சிறு உருவங்களாகவே தோன்றுகின்றனர். வலை இழுப்பவரின் களைப்பு நிறப்புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

எனினும், அவருடைய சிறந்த ஓவியங்களில் பூசப்படாது விடப்பட்ட தாள்வெளியே உரிப்பொருளின் இடத்தைப் பெறுகிறது. ஆளற்ற மணலும் நிறமற்ற நீரும் நெய்தலுக்குரிய இரங்கலை எழுப்புகின்றன. அவ்வெறுமை வாய்க்காதபோது எஞ்சுவது அஞ்சலட்டை அழகு மட்டுமே. அவருடைய வெற்றியையும் தோல்வியையும் பிரித்தறிய இதுவே தக்க அளவுகோலாகும்.

பின்வந்தோர்

இக்குறைக்கு அடுத்த தலைமுறையில் ஒரு விடை கிடைத்தது. சிங்கப்பூர் நன்யாங் கலைக்கழகத்திலும் இலண்டன் சிலேட் கலைப்பள்ளியிலும் பயின்ற பினாங்கு ஓவியர் தான் சூன் கீ (1930–2010), மைக்கோட்டையும் மெல்லிய நீர்வண்ணத்தையும் இணைத்து ஜோர்ஜ்டவுனின் கடைவீடுகளை வரைந்தார். வண்ணம் கரைத்துவிடும் மனித அசைவைக் கோடு பிடித்து நிறுத்துகிறது. கடலோரத்திலிருந்து தெருவுக்கு வந்தபோது பினாங்கு ஓவியம் மனிதரை நெருங்கியது. ஆயின், யோங்கின் பரந்த மௌனத்தை இழந்தது.

முடிவுரை

மலேசியத் தமிழ்த் திறனாய்வு சிறுகதைக்கும் கவிதைக்கும் அளித்த கவனத்தை ஓவியத்துக்கு அளித்ததில்லை. அதற்குரிய கருவி நம்மிடம் இல்லை என்று கூறவியலாது. திணைக் கோட்பாடு நிலத்தை மனிதனோடு சேர்த்துப் பார்க்கக் கற்பித்தது. அக்கண்கொண்டு நோக்கும்போது, நம் முன்னோரும் வந்திறங்கிய இத்தீவின் ஓவியங்களில் எவர் வரையப்பட்டனர், எவர் விடுபட்டனர் என்ற வினாவையும் நாம் எழுப்ப இயலும்.