மேசாவும் தாப்லாவும்

ஸ்பானிஷில் மேசைக்கு ‘மேசா’ என்று பெயர். போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்து ‘மேசை’ ஆன அதே சொல்தான். அதனாலேயே அதை எழுதும்போது எனக்கு ஓர் அசட்டு நம்பிக்கை இருந்தது.

கலிஃபோர்னியாவில் நான் இருக்கும் ஊரின் நூலகத்தில் சனிக்கிழமை மதியங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவந்தேன். பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்களுக்காக அறுபது கணிதச் சொற்களை இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்பானிஷ் என்று தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன். ‘டேபிள்’ என்பதற்கு நேரே ‘மேசா’. அன்றைய பயிற்சித்தாளில் ‘டேபிளை நிரப்புக’ என்று ஒரு கணக்கு. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “மிஸ்டர், மேசையை எதை வச்சு நிரப்பணும்? சாப்பாடா?”

எண்களை வரிசையாக எழுதும் அட்டவணைக்கு ஸ்பானிஷில் ‘தாப்லா’. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அந்த வரியைத் திருத்தினேன். திருத்தினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பட்டியல் போடும் யோசனையிலேயே ஏதோ குறை இருக்கிறது என்று பிறகு எனக்குக் காட்டியது ஓர் ஆய்வுக் கட்டுரை. சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜூடித் மோஷ்கோவிச் எழுதியது. 2002-ல் ‘மேத்தமேட்டிகல் திங்கிங் அண்ட் லேர்னிங்’ இதழில் வந்தது. இருமொழிப் பிள்ளைகள் கணிதம் கற்பதைப் பற்றியது. கல்வியியல் கட்டுரைகளை நாம் இலக்கிய விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. இதை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பேசிய பேச்சை வரிவரியாக எழுதிவைத்து, ஒரு நல்ல விமர்சகர் கவிதையை வாசிப்பதுபோல் அவர் வாசிக்கிறார்.

அது வந்த காலத்தையும் சொல்லவேண்டும். 1998-ல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 227-ஆம் முன்மொழிவை ஏற்று, பள்ளிகளில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தவேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். 2016-ல் 58-ஆம் முன்மொழிவு வந்துதான் அது விலகியது. வீட்டுமொழி ஒரு தடை என்பதே அன்று ஊரில் பொதுக்கருத்து. கட்டுரை அந்தக் காற்றுக்கு எதிரே நடந்து போகிறது.

கணிதமும் மொழியும் சேரும் இடத்தை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்கிறார் மோஷ்கோவிச். முதலாவது, சொற்களைச் சேர்ப்பது. என் பட்டியல் இந்த ரகம். இரண்டாவது, ஒரே சொல்லுக்குள் இருக்கும் பல பொருள்களைப் பிரித்தறிவது. 1974-ல் நைரோபியில் யுனெஸ்கோ நடத்திய கருத்தரங்கில் மொழியியலாளர் ஹாலிடே, கணிதத்துக்கென்று தனி மொழிவழக்கு உண்டு என்று பேசியதிலிருந்து வளர்ந்த பார்வை இது. ‘குவார்த்தோ’ ஸ்பானிஷில் கால் பங்கு. வீட்டில் அதே சொல் அறை. ஆங்கிலத்தின் ‘குவார்ட்டர்’ அமெரிக்கக் கடையில் 25 சென்ட் நாணயம். இந்த இரண்டு பார்வைகளும் பிள்ளையிடம் என்ன இல்லை என்பதிலேயே கண்ணாக இருக்கின்றன என்பது அவருடைய குறை. மூன்றாவது பார்வைதான் அவருடையது: சொல், கை, படம், இரண்டு மொழிகள் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பிள்ளை என்ன சிந்திக்கிறது என்று பார்ப்பது.

அவர் தரும் உதாரணங்களில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. ஒரே பரப்பளவுள்ள பல செவ்வகங்களின் சுற்றளவை மாணவர்கள் ஒப்பிடுகிறார்கள். ஒரு மாணவிக்குச் செவ்வகம் என்ற சொல் வரவில்லை. ஆங்கிலத்திலும் வரவில்லை, ‘ரெக்தாங்குலோ’ என்ற ஸ்பானிஷ் சொல்லும் பாதியில் முறிந்து, எந்த அகராதியிலும் இல்லாத ஒன்றாக விழுகிறது. ஆனால் அவள் கைகள் காற்றில் ஒரு நீண்ட வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைகின்றன. அது நீள நீளச் சுற்றளவு கூடுகிறது என்கிறாள். சரியான கணிதம். பட்டியலை வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு சொல் தெரியாத பெண் தெரிவாள். மோஷ்கோவிச்சுக்கு ஒரு பொது விதியைக் கண்டு சொன்ன பெண் தெரிகிறாள்.

இன்னொன்றில் இரண்டு மாணவிகள், இரு நேர்கோடுகளில் எது அதிகம் செங்குத்து என்று வாதிடுகிறார்கள். ஒருத்தி கிடை அச்சைத் தரையாக வைத்துக்கொண்டு, தரையை நெருங்கும் கோடு குறைவாகத்தான் சாய்ந்து ஏறுகிறது என்று இரண்டு மொழியும் கலந்து விளக்குகிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணும் ஒருநாள் என்னிடம், “இந்தக் கோடு அதைவிடப் படுத்துக்கிடக்கு மிஸ்டர்” என்று சொல்லியிருந்தாள். நான் என்ன செய்தேன்? “அப்படிச் சொல்லக்கூடாது, ஸ்லோப் குறைவுன்னு சொல்லு” என்றேன். அவள் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. காரணம் நான்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரைக்கு நான் கடன்பட்டவன். ஆனாலும் அதோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

சொல் வேண்டாம் என்று மோஷ்கோவிச் எங்கும் சொல்லவில்லை. சொல் மட்டும் போதாது என்பதே அவர் வாதம். ஆனால் அவருடைய மூன்றாவது பார்வையில் சொல் என்பது பல கருவிகளில் ஒன்றாகிவிடுகிறது. எல்லாச் சொல்லும் ஒரே ரகம் இல்லையே! சில சொற்கள் தமக்குள் ஒரு படத்தை வைத்திருக்கின்றன. சில வெறும் ஒப்பந்தங்கள். இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

முதல் ரகத்துக்கு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘ஆர்க்’, ‘கார்டு’. கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் வெறும் சத்தம். ஸ்பானிஷில் ‘ஆர்கோ’ என்றால் வில், ‘குவெர்தா’ என்றால் கயிறு, நாண். தமிழ்வழியில் படித்த எனக்கும் பள்ளியில் அவை வில்லும் நாணும்தான். கல்லூரிக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆங்கிலச் சத்தத்தை மனப்பாடம் செய்தேன். அடுத்த வருடம் அதே பெண் ஜியாமெட்ரி வகுப்புக்குப் போனபோது, முதலில் அவளுடைய சொல்லைக் கேட்டேன். “ஆர்கோவா? அம்பு விடுவாங்களே, அதுவா?” என்றவள், வட்டத்தின் மேல் நாணை அவளே இழுத்துவிட்டாள். இங்கே வீட்டுமொழி ஏறிமுடித்ததும் எடுத்துவைக்கும் ஏணி இல்லை. கருத்தே அதற்குள்தான் இருக்கிறது.

நாணின் கதை இன்னும் நீளமானது. ஆர்யபட்டர் ‘ஜ்யா’ என்றார். சமஸ்கிருதத்தில் அது வில்லின் நாண். ‘ஜீவா’ என்றும் வழங்கிய அது அரபியில் ஒலிபெயர்ந்து, உயிரெழுத்துக் குறிகள் இல்லாத எழுத்தில் ‘ஜைப்’ என்று வாசிக்கப்பட்டது. அது ஆடையின் மடிப்பு, மார்பு. 12-ஆம் நூற்றாண்டில் அரபி நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டு ‘சினுஸ்’ என்றார்கள். அந்த மொழிபெயர்ப்புகளின் பெரிய களம் ஸ்பெயினின் டொலேடோ நகரம். ஆங்கிலத்தில் ‘சைன்’ பொருளிழந்து நிற்கிறது. ஸ்பானிஷில் ‘செனோ’ இன்றும் மார்புதான். வகுப்பில் பையன்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். கால்குலேட்டரில் இருக்கும் ஆங்கிலச் சுருக்கத்தையோ ஸ்பானிஷில் ‘இல்லாமல்’ என்றுதான் வாசிக்க முடியும். முப்பது பாகை இல்லாமல்! இந்தக் கதையைச் சொல்லி நடத்த ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டாவது ரகத்தில் கதையும் உதவாது, கையும் உதவாது. ஆங்கிலத்தில் ‘பில்லியன்’ நூறு கோடி. ஸ்பானிஷில் ‘பில்யோன்’ லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் ‘மில் மில்யோனெஸ்’, ஆயிரம் மில்லியன் என்பார்கள். ஒலி ஒன்று, அளவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அமெரிக்காவில் ‘டிரபிசாய்டு’ ஒரு ஜோடி இணைபக்கங்கள் கொண்டது. ஸ்பெயினில் அதற்கு ‘த்ரபேசியோ’; அங்கே ‘த்ரபேசொய்தே’ என்றால் இணைபக்கமே இல்லாதது. அர்ஜென்டினாவில் படித்த பிள்ளை 1.500 என்பதை ஆயிரத்து ஐந்நூறு என்று வாசிக்கும். இங்கே அது ஒன்றரை. இவற்றில் தவறினால் அந்தப் பிள்ளையின் சிந்தனையில் குறையில்லை, ஒப்பந்தம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தேர்வுத்தாள் அப்படிப் பார்க்காது. காற்றில் வரைந்த செவ்வகத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. அதனால் இந்தச் சொற்களுக்குப் பட்டியல் வேண்டும். எதற்குப் பட்டியல், எதற்குக் கதை என்று பிரிக்கும் வேலையை அந்தக் கட்டுரை எனக்குச் செய்து தரவில்லை.

என்னிடம் இப்போது இருக்கும் பட்டியலில் அறுபது சொற்கள் இல்லை, பதினெட்டுதான். ஒன்றுபோல் ஒலித்து ஏமாற்றுகிறவை மட்டும். மூன்றாவதாக ஒரு பத்தியைக் காலியாக விட்டு, பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். ‘டேபிள்’ வரிசையில் அந்தப் பெண் ஒரு கட்டம் போட்ட அட்டவணையும், பக்கத்தில் நாலு கால் மேசையும் வரைந்து, மேசையை மட்டும் அடித்துவிட்டாள். ‘பில்லியன்’ வரிசையில் படம் இல்லை. ஆங்கிலத்துக்கு 9 பூஜ்யம், ஸ்பானிஷுக்கு 12 பூஜ்யம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கூடுதலாக இருந்த மூன்றைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.